முதுகெலும்பு அறுவைக்குப் பின் கால்கள் செயலிழந்த அண்ணனுக்கு இழப்பீடு கோருவது எப்படி?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்திவந்த என் அண்ணனுக்கு வயது 38. இடுப்பில் தொடங்கி இடது கால் வழியாக இறங்கிய கடும் வலிக்காக, சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எல்4–எல்5 (இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட) டிஸ்க் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அட்மிஷன் அன்று ஒருவர் துணையும் இல்லாமல் நடந்துதான் உள்ளே போனார். அறுவை முடிந்து மாலையில் வார்டுக்குக் கொண்டுவந்தபோது, நாங்கள் கேட்டதற்காக இரண்டு பாதங்களையும் அசைத்துக் காட்டினார். அண்ணியும் நானும் அருகில் இருந்து பார்த்தோம்.

இரவு பத்து மணிக்குப் பிறகு வலி தாங்க முடியாத அளவுக்குப் போனது. உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போய்விட்டதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். செவிலியர் வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார். விடியற்காலையில் வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை, சிறிது நேரத்தில் இடது பாதமும் அசையவில்லை. டியூட்டி டாக்டரை அழைத்தபோது, மயக்க மருந்தின் தாக்கம் இருக்கும், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அறுவை செய்த மருத்துவர் அன்று பிற்பகலில்தான் வந்தார். அதன் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து, இரவில் மறுபடியும் திறந்து, நரம்பை அழுத்திக்கொண்டிருந்த ரத்தக்கட்டியை எடுத்ததாகச் சொன்னார்கள்.

இன்று அவருக்கு முழங்காலுக்குக் கீழே வலு இல்லை. சிறுநீர் தானாகப் பிரிவதில்லை. மலம் கழிவது தெரிவதில்லை. கடை பூட்டிக் கிடக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்த அண்ணி, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டார். பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் அறுவைக்கான செலவு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் ஒரு பகுதியை இன்சூரன்ஸ் கொடுத்தது. மீதியை நாங்கள் கட்டினோம். இரண்டாவது அறுவையின் பில்லைத் தள்ளுபடி செய்து, மேற்கொண்டு 3 லட்சம் ரூபாய் தருவதாகவும், அதற்கு ஒரு தாளில் அண்ணன் கையெழுத்திட வேண்டும் என்றும் மருத்துவமனையின் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) கூறுகிறார். ‘அறுவைக்கு முன்பே ஆபத்துகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டோம், வழக்குப் போட்டாலும் நிற்காது’ என்பதும் அவர் சொன்னதுதான். கையெழுத்திட்ட பிறகு உண்மையிலேயே வழி இல்லையா? இருந்தால் எங்கே, எப்படித் தொடங்க வேண்டும்? அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பமே நன்றியுடன் இருக்கும்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

சகோதரி, அந்தத் தாளில் இப்போது யாரும் கையெழுத்திட வேண்டாம். அத்தகைய தாள்களில் பெரும்பாலும் ‘முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்றுக்கொண்டு, இனி எவ்வித உரிமையும் கோர மாட்டேன்’ என்ற வரி இருக்கும். 38 வயதில் இரு கால்களின் வலுவையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் இழந்த ஒருவரின் மீதி வாழ்நாளுக்கு 3 லட்சம் ரூபாய் என்பது, அவருடைய முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புக்கே போதாது. தொகையை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வியே ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த பிறகுதான் எழ வேண்டும்.

அறுவைக்கு முன் அவர் இட்ட கையெழுத்து, அறுவையில் இயல்பாக நேரக்கூடிய ஆபத்தை அறிந்து சம்மதித்தார் என்பதை மட்டுமே காட்டும். அந்த ஆபத்து நேர்ந்த பிறகு மருத்துவமனை கவனிக்காமல் இருந்ததற்கு எந்த நோயாளியும் சம்மதம் கொடுப்பதில்லை. சம்மதம் எந்தச் செயலுக்காகப் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே செல்லும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக வகுத்தது.

உங்கள் அண்ணனின் நிலைக்கு மிக நெருங்கிய வழக்கு 2009-இல் தீர்ப்பான ஐதராபாத் நிஜாம்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிக்கல் சயின்சஸ் வழக்கு. இருபது வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் 1990-இல் சிகிச்சைக்காக அங்கே போனார். நெஞ்சுக்கூட்டின் பின்பகுதியில், முதுகெலும்பை ஒட்டி, கட்டி இருப்பது தெரிந்தது. திசுவை எடுத்துச் சோதிப்பதற்குத்தான் சம்மதம் பெறப்பட்டிருந்தது. அறுவையிலோ கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. முதுகுத்தண்டு தொடர்புடைய கட்டியாக இருக்கலாம் என்ற நிலையிலும் நரம்பியல் அறுவை மருத்துவரை உடன் சேர்க்கவில்லை. அந்த இளைஞர் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவராக வெளியே வந்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 1999-இல் 15 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கியது. இரு தரப்பும் மேல்முறையீடு செய்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவரே உச்ச நீதிமன்றத்தில் தம் வழக்கை வாதாடினார். 2009 மே 14 அன்று தொகை 1 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டு, 6 சதவீத வட்டியும் வழங்கப்பட்டது. தொகையைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்று அத்தீர்ப்பில் உண்டு: கவனக்குறைவு நடந்திருப்பதாக முதல்நிலையில் நோயாளி காட்டிவிட்டால், தாங்கள் கவனத்துடன் நடந்துகொண்டதை நிரூபிக்கும் சுமை மருத்துவமனையின் மேல் வந்துவிடுகிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் சேவை என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் கோரும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் செலுத்திய கட்டணம்தான் தீர்மானிக்கிறது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மாவட்ட ஆணையம். ஆகவே கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே கோடிக்கு மேற்பட்ட இழப்பீட்டையும் கோரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் ஆணையக் கட்டணமும் கிடையாது. மருத்துவமனை வேறு ஊரில் இருந்திருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய இப்போதைய சட்டம் இடம் தருகிறது. 2025 முதல் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

கால வரம்பு 2 ஆண்டுகள். மருத்துவமனையுடன் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பிக் காத்திருப்பது வீண் ஆபத்து.

உடனடியாகச் செய்ய வேண்டியது, முழுக் கேஸ் ஷீட்டின் (சிகிச்சைப் பதிவேடு) நகலைக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிப்பதுதான். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அங்கீகரிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விண்ணப்பத்தை இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரையிட மறுத்தால், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

பதில்: மறுவாழ்வுப் பிரிவு மருத்துவர்

முதுகுத்தண்டு பாதிப்புக்கு உள்ளானவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், மருத்துவப் பக்கத்தை மட்டும் விளக்குகிறேன். வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தப் பக்கத்தில்தான் என்பதால் சற்று நீளமாக எழுத நேர்கிறது.

முதுகுத்தண்டு, இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது ‘காடா ஈக்வினா’ என்னும் குதிரைவால் நரம்புக் கொத்து. கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், ஆசனவாய்க்கும் செல்லும் நரம்புகள் இதில் அடங்கும். எல்4–எல்5 அறுவைக்குப் பின் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால், இந்தக் கொத்து முழுவதும் நசுங்கும். அறுவை எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும் அரிதாக இப்படி நேரலாம். எனவே ரத்தக்கட்டி உருவானதே கவனக்குறைவு என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு மருத்துவ நூல்களைக் கொண்டுவந்து எளிதாக மறுத்துவிடும்.

உங்கள் வழக்கின் உயிர் அந்த இரவில் இருக்கிறது. அறுவையால் வரும் வழக்கமான வலியை மீறிய வலி, உட்காரும் இடத்தில் மரப்பு, பிறகு பாதத்தில் வலுக்குறைவு என்ற இந்த வரிசை, நரம்புக் கொத்து நசுங்குவதற்கான எச்சரிக்கை என்பது முதுகெலும்பு அறுவை செய்யும் எந்தப் பிரிவும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைப் பாடம். இத்தகைய நோயாளிக்கு உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி இருந்தால் தாமதமின்றி அகற்ற வேண்டும். அழுத்தம் எவ்வளவு சீக்கிரம் நீங்குகிறதோ அவ்வளவு மீட்சி கிடைக்கும். ‘மயக்க மருந்தின் தாக்கம்’ என்ற விளக்கமும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் மாலையில் இரு பாதங்களையும் அசைத்தவர் விடியற்காலையில் அசைக்க முடியாமல் போயிருக்கிறார். மயக்க மருந்தின் தாக்கம் நேரம் ஆக ஆகக் குறையும்; அதிகரிக்காது.

ஆகவே ஆவணங்கள் வந்ததும் சில தாள்களைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். செவிலியர் குறிப்பில் ‘கால் மரத்திருப்பதாக நோயாளி கூறுகிறார், டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்பதுபோல ஏதாவது நேரத்துடன் எழுதப்பட்டிருக்கிறதா? அறுவைக்குப் பின் ஒவ்வொரு சில மணிக்கும் கால்களின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிட்டுக் குறிக்கும் அட்டவணை இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் அந்த இன்மையே சான்று. முதுகில் டிரெயின் குழாய் வைத்திருந்தால் அதில் வடிந்த ரத்தத்தின் அளவைப் பாருங்கள். குழாய் அடைபட்டு வடிவது திடீரென நின்றிருந்தால், உள்ளே தேங்கியிருக்கலாம் என்று யாராவது ஐயப்பட்டிருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் சிறுநீர் அடைப்பு வெளியே தெரிந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட நோயாளியிடம் மரப்பைக் கேட்டும் தொட்டும் சோதிப்பது இன்னும் கட்டாயமாகிறது.

எம்.ஆர்.ஐ. படத்தை அச்சாக மட்டும் வாங்காமல் சி.டி.யாகவும் வாங்குங்கள். எடுக்கப்பட்ட நேரம் அதில் பதிவாகியிருக்கும்; அதைப் பின்னால் எளிதில் திருத்த இயலாது. இரண்டாவது அறுவையின் குறிப்பில், கட்டி எந்த அளவில் இருந்தது, நரம்பு உறையை எப்படி அழுத்தியிருந்தது என்பது மருத்துவரின் கையாலேயே எழுதப்பட்டிருக்கும். அறுவைக்கு முன் எடுத்த பரிசோதனைக் குறிப்பும் வேண்டும். இடது பாதத்தில் முன்பே வலுக்குறைவு இருந்ததாக அதில் இருந்தால், எதிர்த்தரப்பு அதைப் பெரிதாக்கும். வலது பாதமும் சிறுநீர்ப்பையும் முன்பு நன்றாக இருந்தன என்பது அதே தாளிலிருந்து உங்களுக்குச் சாதகமாகும்.

பதில்: தஞ்சை வாசகி

நொய்யல்கரை அவர்களே, என் கணவர் கழுத்தெலும்பு அறுவைக்குப் பின் கை கால் இரண்டும் செயலிழந்தவர். எங்கள் வழக்கு மாவட்ட ஆணையத்தில் தொடங்கி மாநில ஆணையத்தின் மேல்முறையீடு வரை சென்று முடிந்தது. மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. தொகையைக் கணக்கிடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வழக்குத் தொடுக்கும் குடும்பங்கள் இதில்தான் மிகவும் குறைத்துக் கேட்டுவிடுகின்றன. நடந்த கொடுமையை மனுவில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ‘20 லட்சம் ரூபாய் வழங்குமாறு வேண்டுகிறோம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அந்த 20 லட்சம் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

மேலே வழக்கறிஞர் ஐயா குறிப்பிட்ட 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எங்கள் வக்கீல் எனக்குப் படிக்கக் கொடுத்தார். அதில் 1 கோடி ரூபாய் சும்மா முழுத்தொகையாகச் சொல்லப்படவில்லை. ஓட்டுநராகவும் உதவியாளராகவும் இருப்பவருக்கு மாதம் 2,000, செவிலியர் பராமரிப்புக்கு மாதம் 4,000, பிசியோதெரபிக்கு மாதம் 3,000 என்று 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டிருக்கிறார்கள். தொடரும் மருத்துவச் செலவுக்கு 25 லட்சம், வருமான இழப்புக்கு 25 லட்சம், வலிக்கும் வேதனைக்கும் 10 லட்சம். விபத்து வழக்குகளில் வயதை வைத்துப் பெருக்கும் முறை இங்கே பொருந்தாது என்றும் நீதிமன்றம் கூறியது. மாதம் 4,000 ரூபாய்க்கு இன்று வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. ஆகவே தீர்ப்பின் தலைப்புகளை எடுத்துக்கொண்டு, தொகைகளை மட்டும் இன்றைய விலையில் போட வேண்டும்; அதற்கு ஆதாரமாக ஹோம் நர்சிங் ஏஜென்சிகளிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி இணைக்க வேண்டும்.

உங்கள் அண்ணி வேலையை விட்டது ஓர் இழப்பு. அவர் இரவும் பகலும் செய்யும் பராமரிப்பு தனி இழப்பு. மனைவிதானே பார்க்கிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் வழக்கில் வாதிட்டார். மனைவி இல்லாவிட்டால் மருத்துவமனைதான் ஆள் வைத்துக் கொடுக்குமா என்று எங்கள் வக்கீல் கேட்டார். ஆணையம் அந்தத் தலைப்பில் தொகை வழங்கியது.

வீட்டில் ஒரு நீளமான நோட்டு வையுங்கள். சிறுநீர் எடுக்கும் குழாய், கையுறை, ஜெல், டயப்பர், படுக்கைப் புண்ணுக்கான மருந்து, ஏர் பெட், சக்கர நாற்காலி, கால் ஸ்பிளிண்ட், பிசியோதெரபி, மருத்துவமனைக்குப் போய்வரும் வாடகைக் கார் என ஒன்றும் விடாமல் பில்லுடன் எழுதுங்கள். வாசற்படியை உடைத்துச் சாய்தளம் கட்டியது, கழிப்பறைக் கதவை அகலப்படுத்தியது ஆகியவற்றுக்குக் கொத்தனாரிடம் ரசீது வாங்கி வையுங்கள். குழாயை ஒரு நாளைக்கு எத்தனை முறை பயன்படுத்துகிறார் என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அதிலிருந்து ஆண்டுச் செலவு தானாகவே வரும். மறுவாழ்வுக்காக வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் நடத்தும் மையத்துக்கோ, ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். வழக்கு முடியும்வரை உடம்பு காத்திருக்காது. வாழ்நாள் முழுவதற்கும் என்னென்ன தேவைப்படும் என்று அத்தகைய இடத்தில் மதிப்பிட்டு எழுதித் தரும் அறிக்கைக்கு ஆணையத்திலும் மதிப்பு உண்டு.

தாம்பத்திய வாழ்க்கையின் இழப்பையும் மனுவில் எழுத வேண்டும். எனக்கும் அதை எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதாததை ஆணையம் வழங்க முடியாது.

நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்கள் பதிலை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். நோட்டு இன்றே தொடங்கிவிட்டோம். வழக்கறிஞர் ஐயாவிடம் மேலும் சில ஐயங்கள். ஆவணங்களைக் கேட்டதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்து, மீதி உள் ஆவணம், தர முடியாது என்கிறார்கள். அண்ணன் கடைக்கு வருமான வரிக் கணக்கு எதுவும் தாக்கல் செய்ததில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழில் சதவீதம் குறைவாகப் போட்டால் இழப்பீடும் குறையுமா? உறவினர் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தால் மருத்துவமனை இறங்கிவரும் என்கிறார். அது சரியான வழியா?

பதில்: வழக்கறிஞர், மதுரை

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நடந்ததை மருத்துவமனை தன் பார்வையில் சுருக்கி எழுதிய தாள். செவிலியர் குறிப்பும், மருத்துவர் உத்தரவுத் தாளும், அறுவைக் குறிப்பும், மயக்கவியல் பதிவும், வலி மருந்து கொடுத்த அட்டவணையும் நோயாளியின் ஆவணங்களே. மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் மூலம் கேளுங்கள். அதே நோட்டீசில் அந்த இரவின் வார்டுச் சி.சி.டி.வி. பதிவையும், எம்.ஆர்.ஐ. கணினிப் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்குமாறு கோருங்கள். அதன் பிறகும் தராவிட்டால், ஆவணங்களை முன்னிலைப்படுத்த உத்தரவிடுமாறு ஆணையத்தில் மனு செய்யலாம். தராததே சேவைக் குறைபாடு என்றும் வாதிடலாம். அண்ணி அந்த இரவில் மருத்துவமனை எண்ணுக்கோ டாக்டருக்கோ செல்பேசியில் அழைத்திருந்தால், அழைப்பு விவரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார் என்பதை அண்ணன், அண்ணி, நீங்கள் மூவரும் நினைவு மங்குவதற்குள் தனித்தனியாக எழுதி வைப்பது நல்லது.

எதிர்த்தரப்பினராக மருத்துவமனை, அறுவை செய்த மருத்துவர், டியூட்டி டாக்டர் ஆகிய மூவரையும் சேர்க்கலாம். டியூட்டி டாக்டரின் பெயர் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மருத்துவமனையை மட்டும் சேர்த்தாலும் வழக்கு செல்லும், தன் ஊழியர்கள் கவனத்துடன் செயல்பட்டதைக் காட்ட வேண்டியது மருத்துவமனையே என்று 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நிபுணர் சாட்சி எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்பது 2010-ஆம் ஆண்டுக் கிஷன் ராவ் தீர்ப்பு. இருந்தாலும் உங்கள் வழக்கில் ‘எந்த நேரத்தில் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும்’ என்பதே மையக் கேள்வி என்பதால், நரம்பியல் அல்லது முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்று இணைக்குமாறு நான் வலியுறுத்துவேன். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வரிக் கணக்கு இல்லாததால் வருமானம் இல்லை என்றாகிவிடாது. காப்பர் வயர் வாங்கிய கடை பில்கள், வங்கிக் கணக்கு, ஜிபே வரவுகள், கடை வாடகை ஒப்பந்தம், வேலைக்கு இருந்த பையனுக்குக் கொடுத்த சம்பளம், வாடிக்கையாளரான ஆலை ஒன்றின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு மாத வருமானத்தை நிறுவலாம்.

சான்றிதழின் சதவீதமும் வருமானத் திறன் இழப்பும் ஒன்றல்ல. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற விபத்து வழக்கில், உடலில் எத்தனை சதவீத ஊனம் என்பதைவிட அந்த மனிதர் செய்துவந்த தொழிலை அது எவ்வளவு பாதிக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. காயில் கட்டுபவர் கனமான மோட்டாரைத் தூக்கி, குனிந்து, நின்று வேலை செய்கிறார். 60 சதவீதம் என்று சான்றிதழ் வந்தாலும், அந்தத் தொழிலைப் பொறுத்தவரை இழப்பு முழுமையானதே என்று வாதிட இந்தத் தீர்ப்பு உதவும். சான்றிதழையும் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டையையும் தாமதிக்காமல் வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

போலீஸ் புகாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பின், குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும்; முதலில் சுயேச்சையான மருத்துவக் கருத்தும் பெற வேண்டும். அந்தக் கருத்து சாதகமில்லாமல் வந்தால், அதையே எடுத்து நுகர்வோர் ஆணையத்தில் காட்டுவார்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பதில் தவறில்லை. அது மருத்துவரின் பதிவை இடைநிறுத்தலாம், எச்சரிக்கலாம்; இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் இல்லை.

கேள்வி: வடகரை

இதே திரியில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதே போன்ற நிலை அரசு மருத்துவமனையில் ஏற்பட்டிருந்தால் என்ன செய்வது? என் தாயாருக்காகக் கேட்கிறேன்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனை என்றால், சாந்தா தீர்ப்பின்படி நுகர்வோர் ஆணையம் பொதுவாக ஏற்காது. கட்டண வார்டும் உள்ள மருத்துவமனை என்றால் இலவச நோயாளியும் ஆணையத்துக்குச் செல்லலாம். காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சைக்குப் பணம் செலுத்தப்பட்டிருந்தால், அந்த அனுமதிக் கடிதத்தைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள், அதை வைத்து வாதிட இடமுண்டு. மற்றபடி உரிமையியல் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வழக்குத் தொடரலாம். அதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின் கீழ் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பாகும் என்பதை, ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உண்மைகளில் தகராறு இல்லாத நிலையில், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுவும் செய்யலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். நொய்யல்கரை அவர்களின் அண்ணனுக்கும் இது பொருந்தும்.

நொய்யல்கரை

ஐயா, கடைசியாக ஒன்று. பி.ஆர்.ஓ. மறுபடியும் அழைத்து, தொகையைக் கூட்டித் தருவதாகச் சொன்னால் பேசவே கூடாதா? வழக்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ என்று அண்ணன் அஞ்சுகிறார்.

பதில்: வழக்கறிஞர், மதுரை

அந்த அச்சம் நியாயமானது. சட்டம் மாதக் கணக்கில் முடிக்கச் சொன்னாலும், மருத்துவ வழக்குகள் ஆண்டுக் கணக்கில் செல்வதையே நான் பார்க்கிறேன். பேசலாம், ஆனால் புகாரைத் தாக்கல் செய்த பிறகு பேசுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரு தரப்பும் இசைந்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. அங்கே எட்டும் உடன்பாடு ஆணையத்தின் உத்தரவாகப் பதிவாகும். பணம் தராவிட்டால் நிறைவேற்ற மனு போடலாம். பி.ஆர்.ஓ. அறையில் எழுதும் தாளுக்கு அந்த வலு கிடையாது. தஞ்சை வாசகி அம்மையார் கூறியபடி தலைப்பு வாரியாக எடுத்த கணக்கு கையில் இருந்தால், அவர்கள் சொல்லும் தொகை எவ்வளவு குறைவு என்பது சமரசப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

புகார் மனுவில் வட்டியைக் கோர மறவாதீர்கள். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கேளுங்கள். மாவட்ட ஆணையத்தில் நீங்கள் வென்று மருத்துவமனை மேல்முறையீடு செய்தால், வழங்கப்பட்ட தொகையில் பாதியை முன்னதாகச் செலுத்தினால்தான் மாநில ஆணையம் அதை ஏற்கும். மேல்முறையீட்டை 45 நாட்களுக்குள் செய்ய வேண்டும்.

புகார் அண்ணனின் பெயரிலேயே இருக்கட்டும். அவரால் அலைய முடியாது என்பதால், அண்ணியையோ உங்களையோ அங்கீகரித்து ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆவணம் கேட்கும் விண்ணப்பத்திலும் அந்தக் கடிதத்தின் நகலை இணையுங்கள்; ‘நோயாளி நேரில் வர வேண்டும்’ என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு இடம் இருக்காது. கேஸ் ஷீட் கிடைத்ததும், பெயர்களை மறைத்துவிட்டு, செவிலியர் குறிப்பில் அந்த இரவுக்குரிய பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே தெரிவியுங்கள். மருத்துவரும் நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறோம்.